போருடையின் மெய்யும் கனமும்

பழைய போர் ஒன்றை இன்றைய மேடையில் நடித்துக் காட்ட முற்படுவோர், வரலாற்று நூலைத் திறப்பதற்கு முன்னரே தையற்காரரின் வாசலில் போய் நிற்க நேர்கிறது. எந்தத் துணி, எந்த நிறம், எத்தனை பொத்தான், காலில் சப்பாத்தா வெறுங்காலா, கையில் துவக்கா தடியா என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அன்று இருந்தவாறே அனைத்தையும் செய்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். கையிலுள்ள பணத்துக்கும் பிள்ளைகளின் உடம்புக்கும் ஏற்பச் செய்தால் போதும் என்பர் மற்றொரு சாரார். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது சின்னஞ்சிறு வேலைத் தகராறாகவே தோன்றும். ஆனால் திருகோணமலை போன்றதொரு துறைமுகப் பட்டினத்தில் இத் தகராறு, வரலாறு யாருடையது என்னும் பெரிய கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது. பாடசாலை ஒன்றில் நாடகம் தயாரித்த அனுபவத்திலிருந்து இதனை எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

எமது பட்டினத்தின் தலைவிதியை எழுதியது அதன் துறைமுகமே. வடகீழ்ப் பருவக்காற்று சீறும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெருங் கப்பல்கள் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான துறை இல்லை. திருகோணமலையின் உட்துறையோ மலைகள் அணைத்த ஆழ்நீர். ஆதலின் வங்கக் கடலை ஆள விரும்பிய ஐரோப்பிய வல்லரசு ஒவ்வொன்றும் இதன்மீது கண் வைத்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் கைக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். சமாதானத்தின் பின் கோட்டை மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் திரும்பவும் வந்தனர். இம்முறை அவர்கள் தங்கிவிட்டனர். அவர்களது கடற்படைத்தளம் இலங்கையின் கைக்கு வந்தது 1957இலேதான்.

கோட்டையின் வாயிலில் இன்றும் படையினர் நிற்கின்றனர். அவர்களைக் கடந்தே அடியார்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகின்றனர். புள்ளிமான்கள் மட்டும் யாருடைய அனுமதியுமின்றி அங்கே மேய்கின்றன. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைக்குச் சீருடை என்பது படப்புத்தகத்தில் காணும் பொருளன்று. தெருவில் நாள்தோறும் எதிர்ப்படும் பொருள்.

1782 முதல் 1795 வரை கோட்டையில் கொடி மாறிய கதையை உயர்தர வகுப்பு மாணவரைக் கொண்டு நாடகமாக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. பாடசாலையின் அலுமாரியில் பழைய எழுத்துப்பிரதி ஒன்று இருந்தது. அதில் ஹியூசுக்கும் சுஃப்ரனுக்கும் ஒல்லாந்தத் தளபதிக்கும் பக்கம் பக்கமாக வசனம். மற்றையோருக்கு 'வீரர் சிலர்' என்று ஒரே வரி. உடையைப் பற்றிய குறிப்பும் அவ்வாறே: தளபதிகளுக்குப் பட்டும் சரிகையும், வெண்மயிர்த் தொப்பியும், வீரர் சிலருக்குச் 'சிவப்புச் சட்டை'.

மாணவர்களோ வேறொன்றைக் கண்டு வந்திருந்தனர். மேனாடுகளில் பழைய போர்களை அவ்வவ் வெளிகளிலேயே மீள நடிக்கும் கழகங்கள் பல உள. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் 'சீல்டு நாட்' என்னும் கழகம் 1968இல் தோன்றியது. வாட்டர்லூப் போரின் இருநூறாம் ஆண்டு நிறைவாகிய 2015இல், பெல்சியத்தின் அப் போர்க்களத்திலேயே ஏறத்தாழ 5000 பேர் படையுடை அணிந்து அணிவகுத்தனர். இவற்றின் காணொளிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்த பிள்ளைகள், "சேர், பொத்தான்கூட அந்தக் காலத்துப் பொத்தான் மாதிரியே இருக்குது" என்று வியந்தனர்.

அக் கழகங்களுக்குள்ளும் எமது தகராறு உண்டு. நூலும் ஊசியும் நெசவும் அக்காலத்தனவாகவே இருத்தல் வேண்டும் என்று தையலை எண்ணிப் பார்ப்போர் ஒரு கட்சி. பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும்போது சரியாகத் தோன்றினால் போதும் என்பது மறு கட்சியின் அளவுகோல். கோடையில் கம்பளி உடுத்து மயங்கி விழுவோருக்குத் தண்ணீர் கொடுப்பதா, மூக்குக்கண்ணாடி அணிந்தவரை அணியில் சேர்ப்பதா என்றெல்லாம் அவர்கள் வாதிடுவர். அந்த வாதங்களை நாம் நகைப்பதற்கில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் ஓய்வும் பணமும் உடையோரின் வாதங்கள். எமது பாடசாலையில் வாதத்தின் நிலைக்களம் வேறாயிருந்தது.

முதலில் துணி. ஆங்கிலப் படையின் மேற்சட்டை தடித்த கம்பளியால் ஆனது. கடைத்தெருவில் விசாரித்தோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் துணி விலை எங்கே நிற்கிறது என்பதை இந்நாட்டு வாசகர்க்கு நாம் கூற வேண்டியதில்லை. ஒரு மேற்சட்டைக்கான கம்பளியின் விலை, கரைவலை இழுக்கும் ஒரு குடும்பத்தின் ஒரு வார வருவாயைக் கடந்தது. எமது மாணவருட் பாதிப்பேர் அத்தகைய குடும்பங்களிலிருந்து வருபவர். நாடகம் அரங்கேற வேண்டிய ஆகஸ்டு மாதமோ கச்சான் காற்று அனலாய் வீசும் காலம். பல்லாண்டு அனுபவமுடைய தையற்காரர் ஒருவர் எமது படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாஸ்டர், இந்த வெக்கையில இதைத் தைச்சுப் போட்டால் புள்ளையள் அவிஞ்சு போகுங்கள். இதைப் போட்டுச் சண்டை பிடிச்சவன் என்ன பாவம் செய்தவனோ!" என்றார்.

அவர் பேச்சுவாக்கில் சொன்ன அந்தச் சொல் எமது உள்ளத்தில் தைத்தது. 1782இலும் 1795இலும் ஆகஸ்டு மாதத்திலேயே இக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. அன்றும் இதே கச்சான்தான் வீசியிருக்கும். அன்று இந்த உடை யாருக்கு வசதியாயிருந்தது? அதனை உடுத்தவனுக்கு வசதியாயிருக்கவில்லை என்பது வெளிப்படை. அப்படியாயின் வெப்ப நாட்டில் கம்பளியை உடுத்தக் கட்டளையிட்டவர் யார், எதன் பொருட்டு?

விடை தேடியபோது வணிகத்தின் முகம் தெரிந்தது. இங்கிலாந்தின் கம்பளித் துணியைக் கீழைநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் கடப்பாடு கிழக்கிந்தியக் கும்பினிக்கு இருந்தது. வெயில் நாட்டவர் கம்பளியை விரும்பி வாங்கினாரல்லர். சிப்பாய்களுக்கு ஐரோப்பியத் துணியில் சீருடை கொடுத்தால் தேங்கிக் கிடக்கும் கம்பளி செலவாகும் என்று கும்பினி அதிகாரிகளே கணக்கிட்டனர். உடைக்கான செலவு படைவீரனின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. பிரித்தானியப் படையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், படைப்பிரிவின் கேணல் அப் பணத்தைக் கொண்டு துணி வாங்கிக் கொடுத்து, எஞ்சியதைத் தமது இலாபமாக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வியர்வையும் அவனது, விலையும் அவனது; இலாபம் மட்டும் பிறனது. உண்மைத்தன்மையா நடைமுறையா என்று நாம் இன்று வாதிடுகிறோம். அன்றைய உடையிலேயே நடைமுறை தோற்றுப்போயிருந்தது. அதனைத் தோற்கடித்தது வணிகக் கணக்கு.

அடுத்தது நிறம். சிவப்பு என்றால் ஒரே சிவப்பென்று நாம் எண்ணுகிறோம். அன்றைய ஆங்கிலப் படையில் இரண்டு சிவப்புகள் இருந்தன. அதிகாரிகளின் உடைக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொச்சினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயம். சாதாரண வீரனின் உடைக்கு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்த மலிந்த சாயம். ஒன்று கனன்று ஒளிரும். மற்றது சில மாத வெயிலிலும் மழையிலும் செங்கல் நிறமாக மங்கும். தொலைவில் நின்று பார்த்தாலே யார் ஆள்பவன், யார் ஆளப்படுபவன் என்பது விளங்கிவிடும். எமது நாட்டிலும் சிவப்புக்கு இத்தகைய வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டுவதை ஒல்லாந்தர் தமது தனியுரிமையாக வைத்திருந்தனர். தோண்டுதல் குறிப்பிட்ட சில சமூகத்தார்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. துணி சிவக்க எவரெவர் கை புண்பட்டது என்பதைத் துணி சொல்வதில்லை. ஆசிரியன்தான் சொல்ல வேண்டும்.

இவற்றை வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒத்திகையை வேடிக்கை பார்க்க வரும் பாடசாலைக் காவலாளி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தந்தையார் வெள்ளையர் காலத்துத் துறைமுகத்தில் கூலியாக உழைத்தவர். "எல்லாம் சரி சேர், அந்தப் பீரங்கியை மலையில இழுத்து ஏத்தினது ஆர்? அவன் இந்த நாடகத்தில வரமாட்டானா?" எமது கையிலிருந்த பழைய பிரதியில் அவனுக்கு இடமில்லை. அன்றே பிரதியைத் திரும்ப எழுதத் தொடங்கினோம்.

எழுத எழுத, 'வீரர் சிலர்' என்ற ஒற்றை வரி ஒரு கூட்டமாகப் பெருகிற்று. ஆங்கிலேயர் சார்பில் வந்தவருட் பலர் சென்னைச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். கடல் கடந்து வந்து, எமது மொழியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருக்கக் கூடியவர்கள். சென்னைப் படையில் சிப்பாயின் குடும்பமும் அவன் பின்னே பாளையம் பாளையமாகச் செல்வது வழக்கம். ஒல்லாந்தர் பக்கத்தில் கோட்டையைக் காத்தவருள் சாவகத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயர் இருந்தனர். காப்பிரியர் என வழங்கப்பெற்ற ஆபிரிக்கரும் இத்தீவின் ஐரோப்பியப் படைகளில் ஊழியம் செய்தனர். அவர்களுட் பலர் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டவர். அவர்களின் வழிவந்தோர் புத்தளத்திலும் எமது பட்டினத்தை அடுத்த பாலையூற்றிலும் இன்றும் வாழ்கின்றனர். இவர்களுக்கும் அப்பால் சுமைகாவிகளும், பீரங்கி இழுத்த லஸ்கார்களும், தண்ணீர் சுமந்தோரும், சமையற்காரரும். இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டுச் சுஃப்ரனின் சட்டையில் சரிகை எத்தனை விரற்கடை அகலம் என்று ஆராய்வது, உண்மையின் பெயரால் உண்மையை மறைப்பதாகவே முடியும்.

சிப்பாயின் உடை வெறும் துணியாக இருந்ததில்லை என்பதற்கு வேலூர் சான்று. சென்னைப் படையில் 1805, 1806ஆம் ஆண்டுகளில் புதிய உடை விதிகள் வந்தன. ஐரோப்பியத் தொப்பியை ஒத்த, தோற்சின்னம் வைத்த தலைப்பாகை. அணிவகுப்பில் நெற்றிக் குறியும் காதணியும் கூடா. தாடி மழிக்கப்பட வேண்டும். ஒழுங்கையும் நடைமுறையையும் காரணம் காட்டியே இக் கட்டளைகள் பிறந்தன. 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். திப்புவின் மைந்தர் அக் கோட்டையில் காவலில் இருந்தமை உட்பட வேறு காரணங்களும் இருந்தன. எனினும் உடைக் கட்டளையே பொறியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் படையினரும், அவர்களினும் மிகப் பலராகிய சிப்பாய்களும் மாண்டனர். ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடொக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர், கட்டளைகள் கைவிடப்பட்டன. எனவே சிப்பாயின் தலைப்பாகையை மேடையில் எப்படிக் கட்டுவது என்று ஒரு மாணவன் கேட்கும்போது, அவன் கேட்பது ஓர் அலங்காரக் கேள்வி அன்று.

ஆளும் படைகள் தமக்கு வேண்டியபோது நடைமுறைக்கு இணங்கியே வந்திருக்கின்றன. 1840களில் பஞ்சாப்பில் ஒரு படைப்பிரிவுக்காகத் தோன்றிய மண்நிற உடையே காக்கி. அச் சொல்லின் பொருள் புழுதி என்பது. வெள்ளைத் துரையின் வெயில் தொப்பியோ நெட்டியால் ஆனது. தஞ்சாவூர்க் கைவினைஞர் கோயில் உருவங்கள் செய்யும் அதே நெட்டிதான். வெள்ளையனின் தலை சுடும் என்றவுடன் எமது சதுப்புநிலச் செடி அவனுக்குத் தொப்பியாயிற்று. நடைமுறை என்னும் சொல் வரும்போது, யாருடைய உடம்புக்கான நடைமுறை என்று கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும்.

இவ்வளவும் தெளிந்தபின் எமது வேலைக்கு ஒரு விதி வகுத்துக்கொள்ள முடிந்தது. பிள்ளையின் உடம்பை வருத்துவதையும் பெற்றோரின் பணப்பையை வருத்துவதையும் தயங்காமல் விட்டுக்கொடுப்பது. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே அவ் வுடை இட்ட வேற்றுமையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. இதன்படி கம்பளி நீங்கிற்று. பருத்தித் துணி வந்தது. முதுகுப் புறத்தைத் திறந்து விட்டு நாடாவால் கட்டினோம். குறுக்காக அணியும் வெள்ளைப் பட்டிகள் அதனை மறைத்தன. பட்டிகள் தோலுக்குப் பதிலாகக் கன்வஸ் துணி. பொத்தான்கள் சிரட்டையில் வெட்டி வர்ணம் பூசியவை. அதிகாரிகள் மூவருக்கும் ஒளிரும் சிவப்பு. சிப்பாய்களின் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து மங்கச் செய்தோம். சிப்பாய்க்குத் தொடையளவான வெள்ளை அரைக்காற்சட்டையும் வெறுங்காலும். சுமைகாவிக்கு அரையில் ஒரு முழத் துண்டு மாத்திரமே. "பத்தாம் வரிசையில் இருப்பவனுக்கு இந்த இரண்டு சிவப்பும் தெரியப்போகிறதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பத்தாம் வரிசைக்குத் தெரியாவிடினும் உடுத்து நிற்கும் பிள்ளைக்குத் தெரியும் என்பதே எமது விடை. பாடசாலை நாடகத்தின் முதற் பார்வையாளன் நடிக்கும் மாணவனே.

கம்பளியை மேடையிலிருந்து நீக்கினோமாயினும் பாடத்திலிருந்து நீக்கவில்லை. நண்பர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து பழைய கம்பளி மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வேப்ப மரத்தடி நிழலில், குடிநீர் பக்கத்திலிருக்க, விரும்பிய மாணவர் ஒவ்வொருவராக அதனைப் பத்து நிமிடம் அணிந்து நின்றனர். பின்னர் தாம் உணர்ந்ததை எழுதினர். வியர்வையையும் அரிப்பையும் மூச்சுமுட்டலையும் பலர் எழுதினர். ஒரு மாணவன் எழுதியது எமது நினைவில் நிற்கிறது: 'பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு அந்த ஆறுதல் இல்லை.' ஐந்நூறு மேற்சட்டைகளைக் கையால் தைத்து அணிவகுத்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அடையக்கூடியது என்ன?

எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது துவக்கு. அக்கால ஆங்கில வீரனின் கையிலிருந்த துவக்கு ஏறத்தாழ 5 அடி நீளமும் 4.5 கிலோ நிறையும் உடையது. தச்சரிடம் கொடுத்து மரத்தில் செய்விப்பது எளிது. மாதிரியாக ஒன்று செய்தும் வந்தது. அதைத் தோளில் சாத்தி மாணவன் ஒருவன் முற்றத்தில் நடந்தபோது, மகனை அழைத்துப்போக வந்த அவனுடைய தாயார் படலையடியிலேயே நின்றுவிட்டார். பிறகு எம்மிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "கோவிக்காதையுங்கோ சேர். இவன்ர மாமன் போனதில இருந்து ஒண்டும் தெரியாது. பிள்ளை துவக்கோட நிக்கிறதைப் பார்க்க என்னால ஏலாது."

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இம் மாவட்டத்தில் இழப்பறியாத சமூகம் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட படங்களோடு வாழ்கின்றனர். படம் மாட்டவும் துணியாத வீடுகள் உள. போனவர் வருவார் என்று இன்னும் கதவைத் தாழிடாத வீடுகள் அவை. வாட்டர்லூவில் துவக்கேந்துவோனுக்கும் அப் போரில் மாண்டவனுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் நின்று வலியை ஆற்றியிருக்கின்றன. எமக்கு அந்த இடைவெளி இல்லை. கதை 1782ஆம் ஆண்டினது என்று அந்தத் தாயிடம் விளக்குவது, அறிவுடைமை போலத் தோன்றும் ஒரு கொடுமையாகவே இருந்திருக்கும்.

மாணவரிடம் பிரச்சினையை அப்படியே வைத்தோம். நாடகத்தைக் கைவிடலாம் என்றான் ஒருவன். துவக்கே இல்லாமல் நடிக்கலாம் என்றாள் ஒருத்தி. அப்போது போர் ஒரு விளையாட்டுப்போல் ஆகிவிடுமே என்றான் இன்னொருவன். இரு நாள் வாதித்தபின் அவர்களே ஒரு வழி கண்டனர். 5 அடி மூங்கிற் குழாய்கள், உள்ளே கடல்மணல், இரு முனையும் அடைத்து வெள்ளைத் துணி சுற்றியது. நீளம் துவக்கினது, நிறையும் துவக்கினது, வடிவம் மட்டும் துவக்கினது அன்று. முற்றுகைக் காட்சியில் அவற்றை நீட்டிப் பிடித்து நிற்கும்போது சிறிது நேரத்தில் பிள்ளைகளின் கைகள் மெய்யாகவே நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தை நாம் கற்பிக்கவில்லை, மணல் கற்பித்தது. வெடியோசைக்குப் பட்டாசு வேண்டாம் என்று முடிவாயிற்று. பறை ஒன்றே போதியதாயிற்று. இன்றைய படையினரின் சீருடையை ஒத்த துணி எதுவும் மேடைக்கு வருவதில்லை என்றும், மூங்கில்கள் பாடசாலை வாயிலைத் தாண்டுவதில்லை என்றும் மாணவரே எழுதிக் கையெழுத்திட்டனர். அந்தத் தாயாரிடம் மூங்கிலைக் காட்டினோம். தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு பாரமா?" என்று மட்டும் கேட்டார். மகன் நடித்தான்.

குறியீட்டால் மெய்யை உணர்த்துவது எமது மண்ணுக்குப் புதிதன்று. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரசர் கரப்புடுப்புப் பூண்டு ஆடுவர். மகாபாரத மன்னர் எவரும் அப்படி உடுத்தவரென்று கூத்தனும் கருதவில்லை, ஊரும் கருதவில்லை. ஆயினும் அவ் வுடையின் பாரத்தைச் சுமந்து வட்டக்களரியில் விடியும்வரை ஆடும் உழவனின் உடலில், அரச பதவியின் பாரம் எல்லோருக்கும் தெரிந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் புதுக்கியபோது இதே சிக்கலைச் சந்தித்தார். விடிய விடிய ஆடுவதைப் படச்சட்ட மேடைக்குரிய குறுகிய நேரத்துள் அடக்க வேண்டியிருந்தது. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கினால் கூத்து கூத்தாக இராது என்று பிரித்தறிவதே அவர் எடுத்துக்கொண்ட பணி. நீளம் குறைந்தது, ஆட்டமும் தாளமும் நின்றன. நாமும் செய்ய வேண்டியது அதுவே.

சங்கப் புலவர்க்கும் போர்க்கருவியின் மெய் எது என்பது தெரிந்திருந்தது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து நெய் பூசிக் காவல்மிக்க மனையில் மின்னுவதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடப்பதையும் அருகருகே வைத்துப் பாடினார். மின்னும் ஆயுதம் போரைக் காணாதது. போரைக் கண்டது முறிந்து கிடக்கிறது. எமது பாடசாலை மேடைகளின் போர்வேடமோ இன்னும் தொண்டைமானின் மனையிலேயே இருக்கிறது. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் வந்த நாளிலிருந்து, எந்தப் பாளையக்காரனும் வெல்வெட்டும் சரிகையும் இன்றி மேடையேற முடியாதவன் ஆனான். நாம் எமது சட்டைகளைப் புதிதாகத் தைத்து, பின்னர் முழங்கையில் கிழித்து ஒட்டுப் போட்டோம். தையற்காரருக்கு அது மனம் ஒப்பவில்லை. ஔவையாரின் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டுத் தாமே கிழித்துத் தந்தார்.

அரங்கேற்றத்தன்று வாயிலில் ஒரு தாளை ஒட்டினோம். எது மெய், எது மாற்று என்று அதில் எழுதியிருந்தது. கம்பளிக்குப் பதில் பருத்தி. தோலுக்குப் பதில் கன்வஸ். துவக்குக்குப் பதில் மணல் நிரம்பிய மூங்கில். இரண்டு சிவப்பும் வெறுங்காலும் மெய். ஒவ்வொன்றின் காரணமும் ஒரு வரியில். பார்க்க வந்தோர் அந்தத் தாளின் முன் கூடி நின்று படித்தனர். பலர் மூங்கிலைத் தூக்கிப் பார்த்தனர். நடைமுறைக்காக ஒன்றை மாற்றுவது குற்றமன்று. மாற்றியதை மறைத்து, இதுவே அன்றைய உண்மை என்று காட்டுவதே குற்றம். மூடிமறைக்கப்பட்ட வரலாறுகளின் நடுவே வாழும் நாட்டில் பிள்ளைகள் இந்த நேர்மையைச் சிறிய காரியத்திலாவது பழகுவது நல்லது.

நாடகத்தின் இறுதிக் காட்சியில் கொடி மாறுகிறது. தளபதிகள் ஒருவருக்கொருவர் வாளைக் கையளித்து, மரியாதை செய்து வெளியேறுகின்றனர். மேடையில் எஞ்சுவோர் சிப்பாயும் மலாய வீரனும் ஆபிரிக்கனும் சுமைகாவியும், தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண்ணுமே. மங்கிய சிவப்புச் சட்டையைச் சிப்பாய் கழற்றிப் பிழிகிறான். வசனம் இல்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கோட்டை இருக்கும். இல்லையேல் ஒரு போர்க்களமோ பாழடைந்த பாளையமோ இருக்கும். அதனை மேடையேற்றுங்கள். துணி பருத்தியாயிருக்கட்டும், பொத்தான் சிரட்டையாயிருக்கட்டும். அதற்காக எவரிடமும் தலைகுனிய வேண்டாம். ஆனால் அந்த உடையைத் தைத்தவன் யார், அதற்கு விலை கொடுத்தவன் யார், உடுக்கக் கிடைக்காமல் வெறும் உடம்போடு அதன் பின்னே சுமை தூக்கிச் சென்றவன் யார் என்று கேட்காமல் ஊசியில் நூலைக் கோக்காதீர்கள்.